'டு' போடணுமா வேணாமா? இன்ஃபினிட்டிவ் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல சயான் பக்கத்துல ஒரு மாடி ரூம்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். வர்றவங்க எல்லாம் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்து நம்ம ஆளுங்க. கூரியர் ஆபீஸ் பசங்க, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க, ஆஸ்பத்திரில வார்டு வேலை பாக்கிற அக்காங்க, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரணும்னு வர்ற அம்மாங்க. வீட்ல தமிழ், வெளில ஹிந்தி, ஆபீஸ் மெயில்ல மட்டும் இங்கிலீஷ், அதனால எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் இடிக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட்ல 'அக்கா இங்க டு வருமா'ன்னு கேக்கிறவங்களுக்கு இனி இதை அனுப்பிடலாம்னு எழுதி வச்சிருக்கேன். கேள்வி எல்லாம் கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு.

டீச்சர், இன்ஃபினிட்டிவ்னா என்ன? வெர்ப்புக்கு முன்னாடி டு வந்தா அதானே?

பாதி கரெக்ட். யார் பண்ணாங்க, எப்போ பண்ணாங்கன்னு எதுவும் ஒட்டாத வெர்ப்தான் இன்ஃபினிட்டிவ். 'கோ', 'ஈட்', 'பி' இதெல்லாம். 'கோஸ்', 'வென்ட்' ஆகாது, அதுல ஆளோ காலமோ ஏறிடுச்சு. முன்னாடி டு இருந்தா டு-இன்ஃபினிட்டிவ். டு இல்லாமலும் வரும், புக்ல அதை 'பேர் (bare) இன்ஃபினிட்டிவ்'னு போட்டிருக்கும், நான் மொட்டைன்னு சொல்லுவேன், கிளாஸ்ல அதான் எல்லாருக்கும் நிக்குது.

நமக்கு இது புதுசே இல்ல. 'போகணும்'ல இருக்கிற போக, 'சாப்பிட வா'ல இருக்கிற சாப்பிட, இதுதான் தமிழோட இன்ஃபினிட்டிவ், ஸ்கூல்ல செயவெனெச்சம்னு படிச்சது. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, கீழ நிறைய உதவும்.

டு-ன்னா 'க்கு'தானே? டு சென்னைன்னா சென்னைக்கு, அப்போ டு கோன்னா போறதுக்கு?

ஒரு காலத்துல அப்படித்தான். பழைய இங்கிலீஷ்ல இன்ஃபினிட்டிவ் ஒரே வார்த்தை, கடைசில ஒரு வால் இருக்கும், குடிக்கிறதுக்கு 'ட்ரிங்கன்'ம்பாங்க. டு அப்போ நிஜமாவே 'க்கு' மாதிரி, எதுக்காகன்னு சொல்ற இடத்துல வந்துச்சு. நாளாக நாளாக அந்த வால் தேஞ்சு போய், டு மட்டும் அடையாளமா ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு 'ஐ வான்ட் டு கோ'ன்னா போக விரும்புறேன்னுதான் அர்த்தம், 'போறதுக்கு விரும்புறேன்'னு யாரும் சொல்றதில்ல பாருங்க.

ஆனா பழைய 'க்கு' டு-வும் உயிரோடதான் இருக்கு, அதுதான் பெரிய குழப்பம். மெயில் பத்தின கேள்வில வருவோம்.

'ஐ கேன் டு ஸ்பீக்' ஏன் தப்பு? 'ஐ வான்ட் டு ஸ்பீக்' மட்டும் ரைட்டா?

கேன், குட், வில், உட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இந்த ஒன்பதுக்கும் பின்னாடி மொட்டைதான் வரும். 'ஐ கேன் ஸ்பீக்', 'ஷி மஸ்ட் கோ'. இன்னொரு தப்பும் இதே இடத்துல வரும், 'ஹி கேன் ஸ்பீக்ஸ்'னு எஸ் போட்டுடுவாங்க, மொட்டைன்னா மொட்டைதான், எஸ் ஒட்டாது. 'ஆட் டு' மட்டும் இந்தக் குடும்பத்துல டு கேக்கும், பேச்சுல அது ரொம்பக் குறைஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா ஷுட் போட்டுட்டுப் போங்க.

ஹேவ் டு-க்கும் மஸ்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதானே, அதுக்கு மட்டும் ஏன் டு?

ஹேவ் அந்த ஒன்பது பேர்ல இல்ல. அது சாதாரண வெர்ப், ஹேஸ் ஆகும், ஹேட் ஆகும், கேள்வி கேட்டா 'டூ யூ ஹேவ் டு கோ'ன்னு டூ வந்து நிக்கும். அதனால பின்னாடி டு வேணும். நீட் ரெண்டு பக்கமும் ஆடும்: 'யூ டோன்ட் நீட் டு கம்' சரி, 'யூ நீடண்ட் கம்'மும் சரி. ரெண்டையும் கலந்து 'நீடண்ட் டு கம்'னு போட்டாத்தான் தப்பு.

வான்ட் டு கோ ஓகே, என்ஜாய் டு கோ தப்புங்கிறீங்க. எதுக்கு டு, எதுக்கு இங்-னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? லிஸ்ட் மனப்பாடம் பண்ணா மறந்துருது.

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இதுதான். முதல்ல ஒண்ணு, இதை முடிவு பண்றது முன்னாடி நிக்கிற வெர்ப். பின்னாடி வர்ற கோ, ஈட்டைப் பாத்துப் பிரயோஜனமே இல்ல. வான்ட், ஹோப், பிளான், டிசைட், அக்ரி, பிராமிஸ், ரெஃப்யூஸ், ஆஃபர், மேனேஜ், அஃபோர்ட், லேர்ன் இதெல்லாம் டு. என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், மைண்ட், மிஸ், டினை, அட்மிட், கீப், பிராக்டிஸ், போஸ்ட்போன், கன்சிடர், சஜெஸ்ட் இதெல்லாம் இங். இனிமே நடக்கப் போறதுக்கு டு, ஏற்கனவே நடந்தது இல்ல நடந்துக்கிட்டு இருக்கிறதுக்கு இங்-னு ஒரு ரூல் நெட்ல சுத்துது. ஓரளவுக்குத்தான் ஓடும். போஸ்ட்போன் பண்றது இனிமே நடக்கப் போற விஷயம்தானே, அதுக்கு இங்தான் வருது.

லிஸ்டை விட நம்ம தமிழே நல்லா வேலை செய்யும், முயற்சி பண்ணிப் பாருங்க. அந்த வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லுங்க, 'போக' வருதா, இல்ல 'போறதை', 'போய்' வருதான்னு பாருங்க. போக விரும்புறேன், போக முடிவு பண்ணேன், போக மறுத்தேன், போக சம்மதிச்சேன், கார் ஓட்டக் கத்துக்கிட்டேன், எல்லாம் டு. போறதைத் தவிர்த்தேன், போறதைத் தள்ளிப்போட்டேன், போனதை ஒத்துக்கிட்டேன், போறதைப் பத்தி யோசிச்சேன், எல்லாம் இங். 'சாப்பிட்டு முடிச்சேன்', 'பேசிக்கிட்டே இருந்தான்', 'பேசிப் பழகுறேன்' மாதிரி வந்தாலும் இங்தான்: 'ஃபினிஷ்ட் ஈட்டிங்', 'கெப்ட் டாக்கிங்', 'பிராக்டிஸ் ஸ்பீக்கிங்'. ஹோப், பிராமிஸ் ரெண்டுக்கும் இந்த டெஸ்ட் உதவாது, நாம 'வருவேன்னு நம்புறேன்'னுதான சொல்றோம், அதை மனப்பாடம்தான் பண்ணணும்.

மும்பை ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த டெஸ்டை ஹிந்தில பண்ணாதீங்க. 'ஜானா சாஹ்தா ஹூன்'லயும் ஜானா, 'ஜானா பசந்த் ஹை'லயும் ஜானா, ஒரே ரூபம் ரெண்டு வேலையும் பாக்குது, ஒண்ணும் பிடிபடாது. இங்க பொறந்து வளர்ந்த பசங்க மனசுக்குள்ள ஹிந்திலதான் வாக்கியம் கோக்கிறாங்க, என்ஜாய் டு கோ அங்கருந்துதான் வருதுன்னு எனக்குத் தோணுது.

'லைக் டு ஈட்', 'லைக் ஈட்டிங்' ரெண்டுமே பாத்திருக்கேனே?

ரெண்டும் சரி. லைக், லவ், ஹேட், ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ, இதுக்கெல்லாம் எது போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. 'உட் லைக்' வந்தா மட்டும் டு தான். ஹோட்டல்ல 'ஐ உட் லைக் ஆர்டரிங்'னு சொல்லக் கூடாது.

'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்', டாக்டர்கிட்ட எதைக்கா சொல்லணும்?

சிகரெட்டை விட்டவர் 'ஐ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்'. 'ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்'னு டாக்டர்கிட்ட சொன்னா, தம் அடிக்கிறதுக்காக வழியில நின்னுட்டு வந்தேன்னு அர்த்தம், கன்சல்டிங் ஃபீஸ் வீண். தாதர் ஸ்டேஷன் வெளில நின்னு 'ஐ ஸ்டாப்ட் டு பை வடாபாவ்'னா வாங்க நின்னேன். 'ஐ ஸ்டாப்ட் பையிங் வடாபாவ்'னா இப்பல்லாம் வாங்குறதே இல்ல.

ரிமெம்பர், ஃபர்கெட் ரெண்டும் இதே மாதிரி அர்த்தம் மாறும். 'ரிமெம்பர் டு லாக் த டோர்', பூட்ட மறக்காத, இன்னும் பூட்டல. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்', பூட்டினது ஞாபகம் இருக்கு. குர்லா தாண்டினப்புறம் ட்ரெயின்ல பதறுறோமே, அப்போ வேண்டியது ரெண்டாவது. ட்ரை-யும் அப்படித்தான்: 'ட்ரை டு ஓப்பன்'னா திறக்க முயற்சி பண்ணு, கஷ்டமான காரியம். 'ட்ரை ஓப்பனிங்'னா திறந்து பாரேன், சரியாகுதான்னு பாப்போம். 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' வேலை கிடைக்கலைங்கிற லெட்டர்ல வரும், 'ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ'ன்னா ஏன்டா சொன்னோம்னு இருக்கு.

'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'னுதான் எங்க மேனேஜரே எழுதுறாரு, அதைப் போய் தப்புங்கிறீங்களே?

மேனேஜர் எழுதினாலும் தப்பு தப்புதான். இங்க இருக்கிற டு இன்ஃபினிட்டிவ் டு இல்ல, மேல சொன்ன பழைய 'க்கு' டு. அதுக்குப் பின்னாடி பெயர்ச்சொல் வரணும், வெர்ப் வந்தா இங் மாட்டிக்கிட்டுத்தான் வரணும். அதனால 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. சந்தேகம் வந்தா டு-க்கு அப்புறம் 'இட்' போட்டுப் பாருங்க. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துது, அப்போ இங். 'ஐ வான்ட் டு இட்' கேக்கவே நல்லா இல்ல, அப்போ வெறும் வெர்ப்.

'யூஸ்ட் டு'லயும் இதே சிக்கல். 'ஐ யூஸ்ட் டு டிராவல் பை சென்ட்ரல் லைன்', முன்ன போவேன், இப்போ இல்ல. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிராவலிங் பை சென்ட்ரல் லைன்', கூட்டம் பழகிப் போச்சு, தொங்கிட்டும் போவேன். நடுவுல ஆம், இஸ், காட் மாதிரி ஒண்ணு வந்தா இங். 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு' ரெண்டுக்கும் இட் டெஸ்ட் பாஸ் ஆகும், அதனால இங்.

'ஐ கேம் ஹியர் ஃபார் மீட்டிங் தி மேனேஜர்'. தமிழ்ல 'பாக்கிறதுக்காக'ன்னு வருதே, ஃபார் போட்டா என்ன?

ஒருத்தர் எதுக்காக ஒண்ணைப் பண்ணாருன்னு சொல்ல டு மட்டும் போதும்: 'ஐ கேம் டு மீட் தி மேனேஜர்'. ஒரு பொருள் எதுக்குப் பயன்படும்னு சொல்றப்போ ஃபார்-இங் சரி, 'எ நைஃப் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்' மாதிரி. 'ஃபார் டு மீட்'னு ரெண்டையும் சேத்துப் போடுறவங்களும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டுல, சாசர்ங்கிற இங்கிலீஷ் கவிஞர் காலத்துல அது சாதாரணம், இப்போ இன்டர்வியூல சொன்னா சாசர்னு நினைக்க மாட்டாங்க.

ஆபீஸ் லெட்டர்ல கொஞ்சம் கெத்தா வேணும்னா 'இன் ஆர்டர் டு'. கூடாதுங்கிறதுக்காகன்னா 'சோ ஆஸ் நாட் டு': 'ஐ லெஃப்ட் எர்லி சோ ஆஸ் நாட் டு மிஸ் த ட்ரெயின்'.

வார்டுல சிஸ்டர் 'டாக்டர் மேட் மி டு வெயிட்'னாங்க. நானும் அப்படியே சொல்லிக்கிட்டு இருக்கேன், சரியா?

மேக், லெட் ரெண்டுக்கும் மொட்டை. 'டாக்டர் மேட் மி வெயிட்', 'டாக்டர் லெட் மி கோ'. ஆனா வாக்கியத்தைத் திருப்பிப் போட்டா டு திரும்ப வந்துரும், 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. இந்த ஒரு இடத்துல ஏகப்பட்ட பேர் கவுந்திருக்காங்க, எக்ஸாம்ல விரும்பிக் கேக்கிற கேள்வி. லெட்டை அப்படித் திருப்பினா நல்லா இருக்காது, 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ'ன்னு மாத்திக்கங்க.

ஹெல்ப் எப்படின்னாலும் ஒத்துக்கும், 'ஹெல்ப் மி கேரி', 'ஹெல்ப் மி டு கேரி'. ஆளை வச்சு வேலை வாங்குறதுல ஹேவ்-க்கு மொட்டை, கெட்-டுக்கு டு: 'ஐ ஹேட் தி எலக்ட்ரீஷியன் செக் இட்', 'ஐ காட் தி எலக்ட்ரீஷியன் டு செக் இட்'.

'ஐ சா ஹிம் கிராஸ்', 'ஐ சா ஹிம் கிராஸிங்', எது?

சீ, ஹியர், வாட்ச், ஃபீல் இதுக்கு ரெண்டும் வரும், டு வராது. கிராஸ்னா தண்டவாளத்தை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் முழுசாத் தாண்டினதைப் பாத்தேன். கிராஸிங்னா நான் பாத்தப்போ நடுவுல இருந்தான், அப்புறம் தாண்டினானான்னு என்கிட்ட கேக்காதீங்க. திருப்பிப் போட்டா மேக் கதைதான், 'ஹி வாஸ் சீன் டு கிராஸ்'.

'ஹி செட் மி டு கம்', 'ஐ வான்ட் தட் யூ கம்', 'சஜெஸ்ட் மி டு டூ'. மூணும் தப்புன்னு என் பொண்ணு சொல்றா.

பொண்ணு சொல்றது சரி. 'வரச் சொன்னான்'னு தமிழ்ல இருக்கிறதால செட் போடத் தோணும், ஆனா 'ஹி டோல்ட் மி டு கம்' இல்ல 'ஆஸ்க்ட் மி டு கம்'. வான்ட்-க்கு ஆளைச் சொல்லிட்டு டு: 'ஐ வான்ட் யூ டு கம்'. மாமியார்கிட்ட இப்படிச் சொன்னா அதிகாரமாக் கேக்கும், 'ஐ உட் லைக் யூ டு கம்' போடுங்க. சஜெஸ்ட்-க்கு 'மி டு' வரவே வராது, 'சஜெஸ்ட்டெட் கோயிங்' இல்ல 'சஜெஸ்ட்டெட் தட் ஐ கோ'. ரெண்டாவதுல அவன் அவள் வந்தாலும் மொட்டைதான் போடுவாங்க, 'தட் ஹி கோ'.

வேணாம்னு சொல்ல 'டு டோன்ட்'டா, 'டோன்ட் டு'வா?

ரெண்டும் இல்ல, 'நாட் டு'. ஸ்டேஷன்ல தினம் கேக்கிற அனவுன்ஸ்மென்ட்லயே இருக்கே, 'பேசஞ்சர்ஸ் ஆர் ரிக்வெஸ்டெட் நாட் டு கிராஸ்'னு. டு-வைத் தூக்கி முன்னாடி வச்சு 'டு நாட் கோ'ன்னும் இப்போ நிறைய பேர் பேசறாங்க, அது அடுத்த கேள்வி.

டு-வுக்கும் வெர்ப்புக்கும் நடுவுல எதுவும் வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல சார் அடிச்சே சொல்லிக் கொடுத்தாரு, உண்மையா?

இல்லைங்க. இதுக்கு ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்னு பேரு. 1864-ல ஹென்றி ஆல்ஃபர்ட்னு ஒரு பாதிரியார், கேன்டர்பரில டீனா இருந்தவர், இங்கிலீஷ்காரங்க யாரும் இப்படிப் பேசறதும் இல்ல எழுதறதும் இல்லன்னு எழுதி வச்சாரு. அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி இருந்தே எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்க. லத்தீன்ல இன்ஃபினிட்டிவ் ஒரே வார்த்தை, பிரிக்க முடியாது, அதைப் பாத்துதான் இந்த ரூல்னு ஒரு கதை சொல்வாங்க, ஆல்ஃபர்ட் சொன்ன காரணம் அது இல்ல. 1926-லயே ஃபௌலர்னு ஒரு பெரிய இலக்கணக்காரர், அர்த்தம் குழம்புறதை விடப் பிரிச்சுப் போடுறதே மேல்னு சொல்லிட்டாரு.

இன்னொண்ணு, நம்ம நாட்டு ஆபீஸ் லெட்டர் பாதி இதுலதான் ஓடுது. 'ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', இதுல கைண்ட்லி எங்க உக்காந்திருக்கு பாருங்க. அடிச்ச சாரும் லீவ் லெட்டர் இப்படித்தான் எழுதியிருப்பாரு.

இடம் மாறினா அர்த்தமும் மாறும். 'ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்'னா கொஞ்சம் புரிஞ்சுது, முழுசாப் புரியல. 'ஹி கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு அண்டர்ஸ்டாண்ட்'னா ஒண்ணுமே புரியல. எக்ஸாம் எழுதுறவங்க மட்டும் பிரிக்காம எழுதுங்க, திருத்துறவர் அந்தக் கால ஆளா இருந்தா நமக்கு எதுக்கு வம்பு.

டு ஹேவ் டன், டு பி டூயிங், டு பி டன்... இத்தனை எதுக்கு? பேங்க் எக்ஸாம்ல இதுலதான் மார்க் போகுது.

ஒரே ஆளை வச்சுப் பாத்தா பயம் போயிடும். பக்கத்து சீட்ல ஒருத்தர் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரு. 'ஹி சீம்ஸ் டு ஸ்லீப் வெல்', பொதுவா நல்லாத் தூங்குற ஆள் போல. 'ஹி சீம்ஸ் டு பி ஸ்லீப்பிங்', இப்போ தூங்குறார் போல. 'ஹி சீம்ஸ் டு ஹேவ் ஸ்லெப்ட்', தூங்கி எழுந்துட்டார் போல, முகம் ஃப்ரெஷ்ஷா இருக்கு. 'ஹி சீம்ஸ் டு ஹேவ் பீன் ஸ்லீப்பிங்', இவ்வளவு நேரம் தூங்கிட்டு இருந்திருக்கார் போல, கன்னத்துல பையோட தழும்பு. அவரோட பை காணோம்னா 'இட் சீம்ஸ் டு ஹேவ் பீன் ஸ்டோலன்', திருடு போயிருக்கு போல. 'ஹேவ்' வந்தா முன்னாடி இருக்கிற வெர்ப்போட நேரத்துக்கும் முந்தி நடந்தது, 'பி'யும் இங்-கும் வந்தா அந்த நேரத்துல நடந்துக்கிட்டு இருக்கு, 'பி'யும் டன் மாதிரி மூணாவது ரூபமும் வந்தா அவர் பண்ணல, அவருக்கு யாரோ பண்ணாங்க.

பேப்பர்ல 'ஹி இஸ் செட் டு ஹேவ் ஃப்ளெட்'னு வர்றது இதுதான், ஓடிட்டதா சொல்றாங்க. 'ஷுட் ஹேவ் கான்'லயும் இதே ஹேவ்தான், ஷுட் அந்த ஒன்பதுல ஒண்ணுங்கிறதால டு மட்டும் இல்ல. அதனாலதான் 'ஷுட் ஹேட் கான்' தப்பு, 'ஹி ஷுட் ஹேஸ் கான்'னும் வராது.

ரெண்டு பக்கமும் பாஸ்ட் ஏத்தாதீங்க. 'ஐ பிளான்ட் டு ஹேவ் கான்' வேணாம், 'ஐ பிளான்ட் டு கோ' போதும். 'ஹி வாஸ் டு ஹேவ் கம்' மட்டும் தனி ரகம், வர்றதா இருந்துச்சு, வரல.

'ஹேட் பெட்டர் கோ'ல ஹேட் இருக்கே, அப்போ கான்தானே வரணும்?

வராது. ஹேட் பெட்டர், உட் ராதர் ரெண்டுக்கும் மொட்டை. 'யூ ஹேட் பெட்டர் கோ'ன்னா போயிடுறது நல்லதுன்னு கொஞ்சம் மிரட்டல் கலந்த அட்வைஸ், பாஸ்கிட்ட சொல்லாதீங்க. 'ஒய் நாட் கோ', 'ஹி டஸ் நத்திங் பட் ஸ்லீப்', இங்கயும் மொட்டைதான். 'ஆல் யூ ஹேவ் டு டூ இஸ் பிரெஸ்' மாதிரி முன்னாடி டூ வந்தா டு போடலாம், விட்டுடலாம்.

பேப்பர்ல 'பிஎம் டு விசிட் மும்பை'ன்னு போடுறாங்க, வெர்ப்பே காணோமே?

'இஸ்' தலைப்புல இடத்துக்காக விழுந்துருச்சு. முழுசாப் போட்டா 'இஸ் டு விசிட்', முன்கூட்டியே முடிவான விஷயம்னு அர்த்தம். சர்க்கார் லெட்டர்ல 'ஐ ஆம் டு இன்ஃபார்ம் யூ'ன்னு ஆரம்பிக்கிறதும் இதே தான், மேலிடத்துல சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.

கடைசியா ஒண்ணுக்கா. 'ஃபிளாட் டு லெட்'னு போர்டு. ஃபிளாட்டா வாடகைக்கு விடுது? டு பி லெட்னுல்ல இருக்கணும்?

நல்லாக் கேட்டீங்க. 'டு பி லெட்'டும் சரிதான், ஆனா ஒரு பொருளைச் சொல்லி அதை என்ன பண்ணணும்னு சொல்றப்போ இங்கிலீஷ்ல சும்மா டு போட்டாலே அந்த அர்த்தம் வந்துரும். 'ஒர்க் டு டூ', 'கிளோத்ஸ் டு வாஷ்'. துணி தன்னைத் தானே துவைச்சுக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். 'ஹி இஸ் டு பிளேம்'னாலும் தப்பு அவர் மேலதான், அவர் யாரையும் திட்டல.

சில இடத்துல மட்டும் ரெண்டுக்கும் வித்தியாசம் வரும். 'தேர் இஸ் நத்திங் டு டூ'ன்னா வேலை இல்லாம போர் அடிக்குது. 'தேர் இஸ் நத்திங் டு பி டன்'னா இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, கை மீறிப் போச்சு. ஆஸ்பத்திரில வேலை பாக்கிறவங்க இந்த ரெண்டை மட்டும் மாத்திச் சொல்லிடாதீங்க.